மயிலாடுதுறைக்கு ஒரு பைட் போதவில்லை: டெல்டா படத்தொகுப்பு ஒன்றில் தமிழ்ப் படக்குறிப்பு பதிப்பது பற்றிய நிகழ்வு ஆய்வு

கும்பகோணத்தைச் சுற்றிக் கோயில், திருவிழா, நடவு, ஆறு என்று பல வருஷமாக எடுத்த படங்கள். பழைய நெகட்டிவ்களின் ஸ்கேன் ஒரு பக்கம், 2000களில் சின்ன டிஜிட்டல் கேமராவில் எடுத்த ஜேபெக் ஒரு பக்கம், பிறகு வந்த ரா கோப்புகள் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலத்தரவு) ஒரு பக்கம், யாருக்கோ அனுப்பி வாட்ஸ்அப் வழியாகத் திரும்பி வந்தவை இன்னொரு பக்கம். டெல்டாவில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களிடமும் கோயில் படம் சேர்ப்பவர்களிடமும் பரவலாக இருக்கும் நிலையைத்தான் இங்கே ஒரே தொகுப்பாக வைத்துப் பார்க்கிறோம்.

படக்குறிப்பே எழுதாமல் விட்டிருந்தால் வேலை சுலபம். இங்கே எழுதியிருக்கிறார்கள். எழுதியும் தேடினால் படம் வருவதில்லை. ஒரு மென்பொருளில் தெரியும் குறிப்பு அடுத்ததில் காணோம். சில படங்களில் ஊர்ப்பெயர் பாதியில் நிற்கிறது, சிலவற்றில் வரிசையாகக் கேள்விக்குறி. தாராசுரத்துக் கல்தேரின் கீழே ‘ஒலிம்பஸ் டிஜிட்டல் கேமரா’ என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. நான்குக்கும் காரணம் வேறு வேறு, மருந்தும் வேறு வேறு.

ஒரே வீட்டில் மூன்று அடுப்பு

ஜேபெக் கோப்புக்குள் படக்குறிப்பு தங்குவதற்கு மூன்று இடம் இருக்கிறது. முதலாவது எக்ஸிஃப். கேமரா தானாகவே எழுதும் பகுதி இது. ஷட்டர் வேகம், நாள், நேரத்தோடு ‘இமேஜ் டிஸ்கிரிப்ஷன்’ (படக்குறிப்பு) என்று ஒரு புலமும், அதாவது தகவல் எழுதும் இடமும், இதில் உண்டு. இரண்டாவது ஐபிடிசி-ஐஐஎம். செய்தி நிறுவனங்களுக்காக 1991இல் வந்த வடிவம், 1990களின் நடுவில் ஃபோட்டோஷாப் வழியாகப் படக்கோப்புக்குள் புகுந்தது. மூன்றாவது எக்ஸ்எம்பி. அடோபி 2001இல் கொண்டுவந்தது, 2012இல் ஐஎஸ்ஓ தரமானது.

மூன்றிலும் ஒரே சமையல் இருந்தால் சண்டை இல்லை. ஒன்றில் தமிழ், இன்னொன்றில் ஆங்கிலம், மூன்றாவதில் கேமரா போட்ட குப்பை என்று இருந்தால், எந்த மென்பொருள் எந்த அடுப்பிலிருந்து பரிமாறும் என்று சொல்லமுடியாது. இதைச் சீர்செய்ய மெட்டாடேட்டா வொர்க்கிங் குரூப் என்ற கூட்டமைப்பு விதிகளை வகுத்தது. அதன்படி படக்குறிப்பைப் படிக்கும்போது எக்ஸிஃபுக்கு முதலிடம். ‘ஒலிம்பஸ்’ மர்மம் இங்கே தீர்ந்துவிடுகிறது. அந்தக் கேமராக்கள் இமேஜ் டிஸ்கிரிப்ஷனில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிவைக்கும். எக்ஸ்எம்பியில் எவ்வளவு அருமையான தமிழ்க் குறிப்பு இருந்தாலும் விதியை மதிக்கும் மென்பொருள் கேமரா பெயரைத்தான் காட்டும். வேறு சில கேமராக்கள் அந்த இடத்தை வெற்று இடைவெளியால் நிரப்பும். அப்போது குறிப்பே இல்லாததுபோல் தோன்றும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்: முதல் வேலையாக அந்தப் புலத்தை அழிக்க வேண்டும்.

32 பைட் என்ற குறுகல்

தமிழுக்கு உண்மையான வில்லன் ஐஐஎம்தான். அதன் அளவு வரம்பு எழுத்துக் கணக்கில் இல்லை, பைட் (கணினி நினைவகத்தின் சிற்றலகு) கணக்கில் இருக்கிறது. ஊர்ப்பெயருக்கும் படமெடுத்தவர் பெயருக்கும் தலா 32 பைட், ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் 64, காப்புரிமை வரிக்கு 128, படக்குறிப்புக்கு 2,000. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஒரு பைட் என்பதால் இது தாராளம். யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் வழக்கமான முறையான யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். உயிர்மெய் என்றால் மெய்க்கு 3, அதன்மேல் ஏறும் உயிர்க்குறிக்கு 3. புள்ளிக்கும் தனியாக 3. ஆகவே 32 பைட்டில் பத்துக் குறிதான் முழுசாக நிற்கும்.

தஞ்சாவூர் 9 குறி, 27 பைட், நுழைந்துவிடுகிறது. திருவாரூர் 10 குறி, 30 பைட், அதுவும் தப்பித்தது. மயிலாடுதுறையை எண்ணிப் பாருங்கள்: ம, ய, இகரக்குறி, ல, கால், ட, உகரக்குறி, த, உகரக்குறி, ற, ஐகாரக்குறி. மொத்தம் 11 குறி, 33 பைட். ஒரே ஒரு பைட் போதாமல் ஐகாரம் உதிர்ந்து ‘மயிலாடுதுற’ என்று நிற்கும். சில மென்பொருளில் அதன் பின்னால் ஒரு கட்டமோ கேள்விக்குறியோ ஒட்டிக்கொண்டிருக்கும். அரைகுறையாக வெட்டுப்பட்ட கடைசிக் குறியின் மிச்சம் அது. நாகப்பட்டினம் 39 பைட், ஆகவே ‘நாகப்பட்டி’. கங்கைகொண்டசோழபுரம் 54 பைட், மிஞ்சுவது ‘கங்கைகொண்ட’.

கும்பகோணம் இதைவிடப் பொல்லாதது. சரியாகத் தட்டச்சு செய்தால் 10 குறி, 30 பைட். ஆனால் ‘கோ’வின் ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பும் காலும் என இரண்டு குறியாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பிரித்து எழுதினால் 33 பைட், கடைசிப் புள்ளி விழுந்துவிடும். ஒரே ஊர், ஒரே நாள், ஒரே கேமரா. ஆனால் பாதிப் படத்தில் கும்பகோணம், மீதிப் பாதியில் ‘கும்பகோணம’ என்று இருந்தால் இதுதான் காரணம். பிரிந்த ஓகாரம் பெரும்பாலும் பழைய ஃபான்ட் எழுத்தை யூனிகோடாக மாற்றிய மென்பொருளிலிருந்து வரும். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் கொம்பையும் காலையும் தனித்தனியாகத்தான் தட்டுவார்கள். அரைகுறை மாற்றி அந்தப் பிரிவை அப்படியே விட்டுவிடும். தேடலிலும் இது கவிழ்க்கும், ஏனென்றால் கணினிக்கு இவை இரண்டு வேறு சொற்கள். எல்லா உரையையும் என்எஃப்சி என்னும் இணைந்த வடிவத்துக்கு மாற்றிய பிறகே கோப்பில் பதிக்க வேண்டும். பைத்தான் என்னும் நிரல்மொழியில் இதற்கு இரண்டு வரி போதும்.

குறிச்சொல்லிலும் இதே கதை. ‘ஐராவதேசுவரர் கோயில்’ 55 பைட், 64க்குள் அடங்கும். மரியாதைக்காக ‘திருக்கோயில்’ என்று போட்டால் 73 ஆகிவிடும். வெட்டு சரியாக 64ஆவது பைட்டில் விழ, ‘ஐராவதேசுவரர் திருக்கோய’ என்று நிற்கும். இங்கே வெட்டு இரண்டு குறிகளின் நடுவில் சுத்தமாக விழுவதால் கட்டமோ கேள்விக்குறியோ வராது, பார்ப்பவர் தட்டச்சுப் பிழை என்றே நினைப்பார். படக்குறிப்பின் 2,000 பைட்டும் தமிழில் 666 குறிதான். அறுபது எழுபது சொல்லைத் தாண்டும் விரிவான கோயில் குறிப்பு அதில் அடங்காது.

படக்கோப்புக்குள் இருக்கும் குறிப்புகளைப் படிக்கவும் எழுதவும் ஃபில் ஹார்வி எழுதிய இலவச மென்பொருளான எக்ஸிஃப்டூல், ஐஐஎம் வரம்பு மீறினால் ஓர் எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டு வெட்டும். ஆயிரம் படத்துக்கு ஒரே கட்டளை கொடுத்தவர் அந்த வரியைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சிறு பிழைகளைப் பொருட்படுத்தாதே என்ற தெரிவைக் கொடுத்தால் வரம்பை மீறி முழுசாகவே எழுதும். ஆனால் அதை வாசிக்கும் எதிர்முனை மென்பொருள் ஒத்துக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

கேள்விக்குறியும் வட்டத்துக்குள் ஆரும்

ஐஐஎம்மில் இன்னொரு கண்ணி இருக்கிறது. உள்ளே இருப்பது யூடிஎஃப்-8 என்று சொல்ல ‘கோடட் கேரக்டர் செட்’ என்று தனியாக ஒரு புலம் உண்டு. அது காலியாக இருந்தால் எக்ஸிஃப்டூல் உரையை மேற்கத்திய எழுத்துத் தொகுதியில் எழுதப் பார்க்கும். அந்தத் தொகுதியில் தமிழ் இல்லாததால் ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாகிவிடும். எக்செலில் தயாரித்த பட்டியலைச் சாதாரண சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பாக, சேமித்தாலும் இதே கதிதான். கேள்விக்குறி ஆனது ஆனதுதான், அதிலிருந்து தமிழை மீட்க வழியே இல்லை. நெகட்டிவ் உறையிலோ நோட்டிலோ எழுதியிருப்பதைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு நோய்: மேலே சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் என்ற பதிவு வணிகச் சின்னமும் மாறி மாறி வரும் வரிகள். இது யூடிஎஃப்-8 தமிழை மேற்கத்திய எழுத்தாகத் தவறாகப் படித்ததன் விளைவு. தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது, படிக்கும் விதம்தான் தப்பு. ஆனால் அந்த அலங்கோலத்தைத் திறந்த மென்பொருளிலேயே ‘சேவ்’ கொடுத்துவிட்டால் நிலைமை மோசமாகும். புள்ளியின் மூன்றாவது பைட் விண்டோஸின் மேற்கத்திய அட்டவணையில் காலியாக இருக்கும் இடத்தில் விழுகிறது. சில மென்பொருள்கள் அதைத் தூக்கி எறிந்துவிடும். பிறகு எவ்வளவு திருப்பினாலும் மெய்யெழுத்துகள் புள்ளியிழந்துதான் வரும்.

மூன்றாவது வகை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து பொருளில்லாமல் நிற்கும் சொற்கள். அவை பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த தமிழ். மாற்றி மென்பொருள் கொண்டு மீட்கலாம், மீட்ட பிறகு என்எஃப்சி. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்பதற்கு முன் எழுதிய குறிப்புகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

எடுத்த முடிவு

மூலத் தொகுப்பில் எக்ஸ்எம்பி மட்டும். ஐஐஎம் தொகுதியையும், அதற்கு ஃபோட்டோஷாப் வைத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணையும் முற்றாக நீக்குவது. பழைய மென்பொருளுக்காக ஐஐஎம்மில் ஆங்கிலம், எக்ஸ்எம்பியில் தமிழ் என்று பிரித்து வைக்கலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். சரிபார்ப்பு எண் பொருந்தாவிட்டால் ஐஐஎம்மைத்தான் பிந்தைய திருத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மேலே சொன்ன கூட்டமைப்பின் விதி. விதியை மதிக்கும் நல்ல மென்பொருளே உங்கள் தமிழை ஆங்கிலத்தால் மூடிவிடும். பத்திரிகைக்கு ஆங்கிலக் குறிப்போடு அனுப்ப வேண்டுமென்றால் தனிப் பிரதி எடுத்து, அதில் இரண்டு இடத்திலும் ஒரே ஆங்கிலத்தை எழுதி அனுப்புங்கள்.

எக்ஸ்எம்பியில் படக்குறிப்பு, தலைப்பு, உரிமை ஆகிய மூன்றுக்கும் மொழிவாரி மாற்று உண்டு. தமிழ், ஆங்கிலம் இரண்டையும் மொழிக்குறியோடு ஒரே புலத்தில் வைக்கலாம். ஆனால் பல மென்பொருள்கள் இயல்புநிலை மதிப்பை மட்டுமே காட்டும். அதனால் இயல்புநிலையில் தமிழ், ஆங்கிலம் தனி மொழிக்குறியோடு. ரா கோப்புக்குள் கைவைக்காமல், பக்கத்திலேயே அதே பெயரில் எக்ஸ்எம்பி துணைக்கோப்பு வைப்பது பாதுகாப்பு. ஒன்றை நகர்த்தினால் இரண்டையும் சேர்த்து நகர்த்த வேண்டும் என்பதுதான் அதிலுள்ள தொல்லை.

மெட்டாடேட்டா, அதாவது இந்தக் குறிப்புகளை, எழுதினால் படத்தின் தரம் குறையுமா என்று கேட்பவர்கள் உண்டு. குறையாது. தலைப்பகுதி மட்டுமே மாறும், படத்தரவு மறுபடி சுருக்கப்படுவதில்லை. எடிட்டரில் திறந்து ஜேபெக்காகச் சேமித்தால்தான் சேதம்.

என்ன எழுதுவது

தாராசுரத்துப் படம் ஒன்றில் முதலில் இருந்த குறிப்பு: ‘அழகிய சிற்பம், தாராசுரம்.’ மாற்றி எழுதியது: ‘தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில், தேர் வடிவில் அமைந்த முகமண்டபம். படிக்கட்டை ஒட்டிய பக்கச் சுவரில் கல்சக்கரமும் பாயும் குதிரையும். 12ஆம் நூற்றாண்டு, இரண்டாம் ராஜராஜன் காலம். கயிற்றால் கட்டிய சாரம் வலப்பக்கம் தெரிகிறது.’ கடைசி வாக்கியம் ஒப்புக்குப் போட்டதல்ல. சாரம் கட்டியிருந்த காலத்தை வைத்து, நாள் தெரியாத மற்றப் படங்களையும் வரிசைப்படுத்தலாம். ‘அழகிய’ என்பதை யாரும் தேடுவதில்லை.

குறிச்சொல்லில் கறார் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறைமேல் உயர்ந்து நிற்பது விமானம். கோபுரம் என்பது கேரளாந்தகன் வாயிலும் ராஜராஜன் வாயிலும். பாதிப் படத்தில் ‘பெரிய கோபுரம்’ என்று போட்டிருந்தால் இரண்டும் கலந்துவிடும். வெறும் ‘விமானம்’ என்று போட்டாலோ, தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துப் படங்களும் சேர்ந்து வந்து நிற்கும்! ‘கோயில் விமானம்’ என்று எழுதினால் தீர்ந்தது. குறுவை, சம்பா, தாளடி மூன்றையும் ‘நெல்’ என்பதில் அடக்கிவிடாமல் தனித்தனியாகப் போடுங்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்த வருஷத்தையும் திறக்காத வருஷத்தையும் வயல் படத்தை வைத்து ஒப்பிடப் போகிறவருக்கு அந்தப் பெயர்தான் பிடி.

ஊர்ப்பெயருக்கு ஒரு பட்டியல் தயாரித்து அதை விட்டு விலகாமல் எழுதுவது அவசியம். ஊர்ப் புலத்தில் மயிலாடுதுறை மட்டும். மாயவரம், மாயூரம் இரண்டும் குறிச்சொல்லில். கும்பகோணத்துக்குக் குடந்தை அப்படியே. மாவட்டத்துக்கு ஐபிடிசியில் தனிப் புலம் இல்லை, டெல்டாவிலோ மாவட்டம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பூம்புகாரில் 1988இல் எடுத்த படம் தஞ்சாவூர் மாவட்டம், 1991க்குப் பிறகு நாகப்பட்டினம், 2020 டிசம்பருக்குப் பிறகு மயிலாடுதுறை. திருவாரூர் 1997இல் தனி மாவட்டமானது. இன்றைய மாவட்டம், எடுத்த காலத்து மாவட்டம் இரண்டையுமே குறிச்சொல்லாக்குவது நல்லது. பழைய அரசுப் பதிவோடு ஒப்பிடுபவருக்குப் பழைய பெயரே கைகொடுக்கும்.

நாள் சரியாகத் தெரியாத நெகட்டிவ் ஸ்கேனில் எக்ஸிஃப் காட்டுவது ஸ்கேன் செய்த நாளை. எடுத்த நாளை எக்ஸ்எம்பியின் ‘டேட் கிரியேட்டட்’ புலத்தில் எழுதுங்கள், அங்கே வெறும் 1987 என்று வருஷம் மட்டும் போட்டாலும் செல்லும். தெரியாத மாதத்துக்கு ஜனவரி 1 என்று இட்டு நிரப்பினால் பொங்கலுக்கு முந்தைய வயல் என்று யாராவது முடிவு கட்டிவிடுவார்கள். திருவிழாவுக்கு ‘ஈவென்ட்’ புலம் இருக்கிறது. மகாமகம் 2004, மகாமகம் 2016 என்று வருஷத்தோடு எழுதினால் 2028இல் எடுக்கப்போவதும் கலக்காமல் இருக்கும்.

ஊரும் நாளும் இவ்வளவு முக்கியமா என்றால், சிலைக்கடத்தல் வழக்குகளைப் பார்க்கலாம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுக் கோயில்களை ஊர்வாரியாகப் படமெடுத்துப் பதிந்துவைத்த தொகுப்பு, களவுபோன சிலைகளை அடையாளம் காண உதவியிருக்கிறது. ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியது அப்படிப்பட்ட ஒரு வழக்கில். அதே காரணத்தால் மூலப்படத்தில் ஜிபிஎஸ் இருக்கட்டும்; காவல் இல்லாத சின்னக் கோயில்களின் செப்புத்திருமேனிப் படத்தை வெளியே கொடுக்கும்போது பிரதியிலிருந்து அதை நீக்கிவிடுங்கள்.

பதித்த முறை

முதலில் தொகுப்பை முழுசாகப் பிரதி எடுத்து, வேலையெல்லாம் பிரதியில். எக்ஸிஃப்டூலில் எல்லாப் புலத்தையும் குழுப்பெயரோடு, இரட்டிப்புகளையும் காட்டச் சொல்லி சிஎஸ்வியாக எடுத்தால் எந்த அடுப்பில் என்ன வேகிறது என்று ஒரே பார்வையில் தெரியும். லைட்ரூம் கிளாசிக்கில் எழுதிய குறிப்புகள் அந்த மென்பொருளின் சொந்தப் பதிவேடான கேட்டலாக்கில் மட்டுமே இருக்கலாம். படங்களைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+எஸ் கொடுத்தால்தான் கோப்புக்குள் இறங்கும். 2016இல் கூகுள் கைவிட்ட பிக்காசா என்ற பட மென்பொருளில் முகப்பெயர்கள் ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஐஎன்ஐ கோப்பில் கிடக்கலாம். பழைய ஃபோல்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று அதை அழித்துவிடாதீர்கள்.

பிறகு அட்டவணை. முதல் பத்தி கோப்பின் பாதை, அடுத்தடுத்து தலைப்பு, படக்குறிப்பு, குறிச்சொல், ஊர், நாள். எக்செலில் சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வகையையே தேர்ந்தெடுங்கள். நாள் பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றாவிட்டால் 12-06 என்பது ஜூனா டிசம்பரா என்று எக்செல் தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்கும். கோப்புப் பெயரில் தமிழ் வேண்டாம். விண்டோஸில் எக்ஸிஃப்டூலுக்குக் கோப்புப் பெயரின் எழுத்துத் தொகுதியைத் தனியாகச் சொல்லாவிட்டால் கோப்பே கிடைக்கவில்லை என்று சொல்லக்கூடும்.

குறிச்சொற்களைக் காற்புள்ளியால் பிரித்திருந்தால், பிரிப்பான் காற்புள்ளிதான் என்று கட்டளையில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ‘கோயில், தாராசுரம், தேர்’ முழுவதும் ஒரே குறிச்சொல்லாக உள்ளே போய் உட்காரும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும், தேடினால்தான் குட்டு வெளிப்படும். பிரிப்பானைக் காற்புள்ளியோடு இடைவெளியும் சேர்த்துக் கொடுத்தால், அட்டவணையில் சில இடத்தில் இடைவெளி விட்டுப்போயிருந்தாலும் எக்ஸிஃப்டூல் சரியாகவே பிரிக்கும்.

எல்லாப் படத்துக்கும் பொதுவான உரிமை வரியையும் படமெடுத்தவர் பெயரையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு, தனிக் குறிப்புகளுக்குப் போகலாம். எக்ஸிஃப்டூல் தானாகவே ஒவ்வொரு கோப்புக்கும் மூலப் பிரதி வைத்துக்கொள்ளும், அதனால் டிஸ்கில் இரட்டிப்பு இடம் வேண்டும். பிரதியில்தான் வேலை நடக்கிறது என்றால் அதை நிறுத்தும் தெரிவைக் கொடுக்கலாம்.

வெளியே போகும் வழியில்

பதித்தது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தங்காது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் தங்கும். அடோபி மென்பொருளில் ஏற்றுமதி செய்த ஜேபெக்கில் ஐஐஎம் தொகுதி மறுபடி முளைத்திருக்கும், அதனால் ஏற்றுமதிக்குப் பின்னும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

சோதனைக்கு ஒரே ஒரு படம் போதும். ஊர்ப் புலத்தில் மயிலாடுதுறை, குறிச்சொல்லில் ‘ஐராவதேசுவரர் திருக்கோயில்’, எழுபது சொல்லைத் தாண்டிய ஒரு படக்குறிப்பு. புதிதாக எந்த மென்பொருள் வந்தாலும், ஏற்கெனவே இருப்பதன் புதுப் பதிப்பு வந்தாலும், முதலில் இந்தப் படத்தை உள்ளே விட்டு ஒரு சின்ன மாற்றம் செய்து சேமித்து, வெளியே எடுத்து எக்ஸிஃப்டூலில் மூன்று இடத்தையும் படியுங்கள். மயிலாடுதுறையின் ‘றை’யும் திருக்கோயிலின் ‘யில்’லும் மூன்றிலும் எங்கும் வெட்டுப்படாமல் இருந்தால் மற்ற படங்களை உள்ளே விடலாம்.